விக்டோரியா காலத்து இஸ்லாமிய பாணிக் கண்ணாடி: அடியிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

பொன் கோடும் நீல எனாமலும் அரபு எழுத்தும் பின்னிக் கிடக்கும் ஒரு கண்ணாடி விளக்கையோ கூஜாவையோ கையில் கொடுத்தால், எல்லோர் கண்ணும் முதலில் வேலைப்பாட்டின் மேல்தான் போகும். காலத்தையும் ஊரையும் கண்டுபிடிக்க அதைவிட உதவாத இடம் வேறில்லை. 1856-இல் ஓவன் ஜோன்ஸ் ‘தி கிராமர் ஆஃப் ஆர்னமென்ட்’ என்ற பெரிய நூலை வெளியிட்டார். அரேபிய, துருக்கிய, மூரிஷ், பாரசீக, இந்திய அலங்காரங்கள் அதில் வண்ணப் படங்களாக வரிசையாக இருந்தன. அதன் பிறகு பர்மிங்காமில் உட்கார்ந்திருந்த ஓவியர்கூட கெய்ரோவைப் பார்க்காமலே கெய்ரோ கொடிக்கருக்கை வரைய முடிந்தது. அதே வடிவங்களை இன்றைய பட்டறைகளும் வரைகின்றன. ஆகவே அடிப்பாகம், கண்ணாடி, எனாமல், பொன், உருவம், எழுத்து, முத்திரை என்ற வரிசையில் பாருங்கள். வேலைப்பாட்டின் அழகைக் கடைசியில் ரசித்துக்கொள்ளலாம்.

எதைத் தேடுகிறோம்

விக்டோரியா காலம் என்றால் 1837 முதல் 1901 வரை. ஏலப் பட்டியல்களில் மூரிஷ், சாரசனிக், அரேபிய, பாரசீக என்று எழுதியிருப்பார்கள். அவை வியாபாரப் பெயர்கள். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அவை சொல்லாது. நடைமுறையில் இரண்டு வகைப் பொருள்கள் உங்கள் கைக்கு வரும்.

ஒன்று, ஐரோப்பியர் தங்கள் வரவேற்பறைக்காகச் செய்துகொண்டவை. பாரிஸில் பிலிப்-ஜோசஃப் ப்ரோக்கார், க்ளூனி அருங்காட்சியகத்தில் இருந்த பழைய பள்ளிவாசல் விளக்குகளைப் பார்த்துப் பயின்று, 1867 பாரிஸ் உலகக் கண்காட்சியில் எனாமல் வேலை செய்த தன் கண்ணாடிகளை வைத்தார். வியன்னாவில் லோப்மையர் நிறுவனம் 1870-களில் அரபு, பாரசீகப் பாணி வரிசைகளைக் கொண்டுவந்தது. வெனிஸில் சால்வியாத்தி, நான்சியில் இளம் எமில் காலே ஆகியோரும் இதில் இறங்கினார்கள். இங்கிலாந்தில் ஸ்டௌர்பிரிட்ஜ் வட்டாரம்தான் மையம். அங்கே தாமஸ் வெப் நிறுவனத்துக்காக, பிரான்சிலிருந்து வந்த ஜூல் பார்ப் 1879 முதல் புடைத்த பொன் வேலை செய்தார். பழைய தந்தச் செதுக்கலைப் போலத் தோன்றும் வெப்பின் கேமியோ கண்ணாடிகளிலும் (பரப்பைச் செதுக்கி உருவத்தைப் புடைத்து நிற்க வைக்கும் வகை) இந்திய, பாரசீகக் கொடிகள் உண்டு. கிளாஸ்கோவில் ஜேம்ஸ் கூப்பர் நிறுவனம், கிறிஸ்டோஃபர் டிரெஸ்ஸர் வரைந்த உருவங்களை ‘க்ளூத்தா’ என்ற பெயரில் ஊதியது.

மற்றொன்று, பொஹிமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) துருக்கி, பாரசீக, இந்தியச் சந்தைகளுக்கென்றே செய்து அனுப்பியவை: ஹுக்கா அடிப்பாத்திரம், மூடியிட்ட சர்பத் கிண்ணம், பன்னீர்ச் செம்பு. நம் கல்யாண வீடுகளில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்கும் வெள்ளிச் செம்பின் நெடுங்கழுத்தும் குமிழ் வயிறும் இந்தக் குடும்பத்து உருவம்தான். இந்த இரண்டாம் வகையை ‘இஸ்லாமிய பாணி’ என்று சொல்வதைவிட ‘இஸ்லாமியச் சந்தைக்கானது’ என்று எழுதி வைப்பதே சரி. வாங்கியவர் யார் என்பது தெரிந்தால், அந்த உருவம் ஏன் அப்படி இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

கையில் வேண்டியவை

10 மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய எல்.இ.டி. டார்ச், 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச், அளவு நாடா, சமையலறைத் தராசு, மேசையில் விரிக்க இரண்டு மடிப்புத் துண்டு. பருத்திக் கையுறை போடாதீர்கள், கண்ணாடி வழுக்கும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த வெறுங்கை போதும். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். தூக்கும்போது கைப்பிடியையோ விளக்கைத் தொங்கவிடும் காதுகளையோ பிடிக்காமல், ஒரு கையை அடியிலும் ஒரு கையை வயிற்றிலும் கொடுங்கள். மூடியும் அடைப்பானும் இருந்தால் முதலில் அவற்றை எடுத்துத் தனியே வையுங்கள்.

முதல் படி: அடிப்பாகம்

துண்டின் மேல் கவிழ்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்க வேண்டும். நூறு ஆண்டுகள் எடுத்து வைத்த பொருளில் அவை பல திசைகளில், பல ஆழங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். உப்புத்தாளில் தேய்த்துப் பழசாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் ஓடும். மேசையைத் தொடவே தொடாத உட்குழியிலும் தெரியும். சந்தேகம் வந்தால் பொருளைத் தட்டையான பரப்பில் நிமிர்த்தி வைத்து எந்த இடங்கள் தொடுகின்றன என்று பார்த்துக்கொண்டு, அந்த இடங்களோடு தேய்மானம் பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் ஏன் என்று கேட்காமல் மேலே போகாதீர்கள்.

அடுத்து, நடுவில் இருக்கும் கம்பித் தழும்பு. ஊதும்போது அடியில் ஒட்டிப் பிடித்த இரும்புக் கம்பியை உடைத்தெடுத்த இடம் அது. நல்ல பட்டறைகள் அந்த இடத்தைச் சாணை பிடித்து, மெருகேற்றிய வட்டக் குழியாக விடும். கரடுமுரடாக விட்டிருந்தால் பழசு என்று பொருள் கொள்ள வேண்டாம். மலிவான புதிய ஊதுகண்ணாடியிலும் அது அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் படி: கண்ணாடி

எடையைத் தூக்கிப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஆங்கிலேயரின் ஈயக் கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிராம். சோடா-சுண்ணாம்புக் கண்ணாடிக்கு 2.5. ஒரே அளவுள்ள இரண்டு பூச்சாடிகளை அடுத்தடுத்துத் தூக்கினால் வித்தியாசம் கையிலேயே தெரியும். விரலால் சுண்டி ஒலி கேட்கும் பழக்கத்தை எனாமல் வேலை செய்த பொருளில் விட்டுவிடுங்கள். குறுகிய கழுத்துள்ள பாத்திரம் எப்படியும் சரியாக ஒலிக்காது. விரிசல் இருந்தால் அது நீளும்.

இருட்டறையில் புற ஊதா ஒளியில் ஈயக் கண்ணாடி வெளிர் நீலமாகத் தெரியும். நிறம் நீக்க மாங்கனீசு சேர்த்த சோடாக் கண்ணாடி மங்கிய பச்சை காட்டும்; யுரேனியம் சேர்த்தது பளீரென்று பச்சை அடிக்கும். இவை கண்ணாடியின் கலவையைச் சொல்லும். வயதைச் சொல்லாது, ஏனென்றால் யுரேனியக் கண்ணாடி இன்றும் செய்யப்படுகிறது. இந்த ஒளியின் பெரிய பயன் வேறு: பசை போட்டு ஒட்டிய இடமும் பிற்காலத்தில் தீட்டிய சாயமும் சுற்றியுள்ள பரப்பிலிருந்து பிரிந்து, பால் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நிற்கும்.

குமிழிகளைக் கண்டு ஏமாற வேண்டாம். க்ளூத்தாவில் குமிழியும் வரியும் மினுக்கும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டவை. எகிப்தையும் சிரியாவையும் 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட மம்லுக் சுல்தான்கள் காலத்து விளக்கில் குமிழியும் தேன் நிறச் சாயலும் அந்தக் காலத்துக் கலவையால் இயல்பாக வந்தவை. இன்றைய நினைவுப் பொருள்களில் பழசாகத் தோன்றச் சேர்க்கிறார்கள்.

மூன்றாம் படி: எனாமல்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். குறைந்த சூட்டில் உருகும் ஈயக் கண்ணாடியை மாவாக அரைத்து, நிறம் தரும் உலோக ஆக்சைடு சேர்த்து, எண்ணெயிலோ கோந்திலோ குழைத்துத் தூரிகையால் இடுவதுதான் எனாமல். பிறகு மூடிய சூளையில் 500 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற, எனாமல் உருகிக் கண்ணாடியோடு ஒட்டும். அடியிலுள்ள பாத்திரமும் கண்ணாடிதான் என்பதால் இரண்டுக்கும் நடுவே சூட்டு இடைவெளி மிகக் குறைவு. எல்லாப் பிழைகளும் அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

சூடு போதாவிட்டால் எனாமல் மங்கி, தொட்டால் மாவாக உதிரும். சூடு மிஞ்சினால் கோட்டின் ஓரங்கள் கலங்கி, ஒரு நிறம் பக்கத்து நிறத்தோடு ஓடும். பாத்திரமே சாய்ந்துவிடுவதும் உண்டு. சமமான மேசையில் வைத்து மெல்லச் சுற்றி விளிம்பைக் கவனித்தால் சாய்வு தெரிந்துவிடும். எனாமலும் கண்ணாடியும் ஆறும்போது வெவ்வேறு அளவில் சுருங்கினால், எனாமலில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, செதில் செதிலாகப் பெயரும். சில வேளை அடிக்கண்ணாடியின் மெல்லிய தோலையும் பிய்த்துக்கொண்டு வரும். இவற்றில் சிறு குறைகள் பழைய கைவேலையில் சகஜம். பெயர்ந்துகொண்டிருக்கும் எனாமலை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு முறை தூசி தட்டும்போதும் கொஞ்சம் போகும்.

லூப்பில் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு அதன் தொடக்கத்திலிருந்து முடிவு வரை போங்கள். கையால் இட்ட கோடு, கோலத்தில் மாவு இழை தொடங்கும் இடத்தில் தடித்து முடியும் இடத்தில் மெலிவது போல, தூரிகை வைத்த இடத்தையும் எடுத்த இடத்தையும் காட்டும். அச்சுத் தாளிலிருந்து ஒட்டி எடுத்த வேலையில் தடிமன் முழுவதும் ஒன்றே. நிறப்பரப்பு சிறு புள்ளிகளாகப் பிரியும். தாள் சுற்றி வந்து சேரும் இடத்தில் கொடியின் கணு பொருந்தாமல் ஒரு செங்குத்துத் தடம் இருக்கும். கையால் வரைந்தவரும் சுற்றி வந்து சேரும் இடத்தில் இடம் போதாமல் ஒரு இலையைக் குறுக்கியிருப்பார். அந்தக் குறுகிய இலையைக் கண்டுபிடித்துவிட்டால் நல்ல அறிகுறி.

சூளையில் வைக்காமல் வெறுமனே தீட்டிய சாயமும் சந்தையில் நிறைய உண்டு. விற்பவரின் அனுமதியோடு, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்குச்சியை ஒருமுறை ஒற்றிப் பாருங்கள். நிறம் வந்தால் அது எனாமல் இல்லை. அசிட்டோன், தின்னர் போன்றவற்றைத் தொடாதீர்கள்.

நான்காம் படி: பொன்

மம்லுக் கால மூல விளக்குகளில் மெல்லிய சிவப்பு எனாமல் கோடுகளுக்கு இடையே பொன் நிரப்பப்பட்டது. நூற்றாண்டுகளில் பொன் தேய்ந்து போக, பல இடங்களில் சிவப்புக் கோடு மட்டும் எலும்புக்கூடாக நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்புகளில் பொன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தேய்ந்திருந்தால் விளிம்பு, காது, வயிற்றின் மிகப் புடைத்த பகுதி என்று கைபடும் இடங்களில்தான் தேய்ந்திருக்கும். யார் கையும் படாத பள்ளத்தில் பொன் போயிருந்தால் செயற்கைத் தேய்ப்பைச் சந்தேகியுங்கள்.

நல்ல பொன் சூளையிலிருந்து மங்கலாக வெளிவரும். பிறகு அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அதன் ஒளி மென்மையானது. ஜெர்மனியில் 1830-ஐ ஒட்டி உருவான திரவப் பொன் சூளையிலிருந்தே கண்ணாடி போலப் பளபளத்து வரும், படலம் மிக மெல்லியது, சீக்கிரம் தேயும். ஆக, பளபளப்பு என்பது புதுசு என்பதற்குச் சான்று இல்லை. மலிவு என்பதற்குச் சான்றாக இருக்கலாம்.

ஐந்தாம் படி: உருவம்

நான்கு உருவங்களைப் பழகிக்கொண்டால் பெரும்பகுதி பிடிபடும். மேலே விரியும் கழுத்து, உருண்ட வயிறு, பாதம், தொங்கவிட 3 அல்லது 6 காதுகள் இருந்தால் பள்ளிவாசல் விளக்கு. பெரிய சிறகு போன்ற இரண்டு தட்டைக் கைப்பிடிகள் தோளிலிருந்து எழுந்தால் கிரானடாவின் அல்ஹம்ப்ரா சாடி. மூலம் மண்பாண்டம், கண்ணாடியில் அது விக்டோரியா காலத்துத் தழுவல். அன்னப்பறவை போலக் கழுத்து வளைந்து, வாய் இதழாக விரிந்தால் பாரசீகப் பன்னீர்க் குடுவை. டிரெஸ்ஸரின் க்ளூத்தா உருவங்களில் இதன் சாயல் உண்டு. நான்காவது, நீண்ட மூக்குள்ள பாரசீகக் கூஜா.

ஆங்கிலக் கூஜாவில் கைப்பிடி ஒரு பயனுள்ள தடயம். ஏறத்தாழ 1860-கள் வரை கைப்பிடியை முதலில் மேலே ஒட்டிக் கீழே இழுத்தார்கள். பிறகு கீழே ஒட்டி மேலே இழுக்கும் வழக்கம் பரவியது. முதலில் ஒட்டிய இடத்தில்தான் கண்ணாடி தடித்த உருண்டையாக இருக்கும். தடிப்பு கீழே இருக்க, பொருளை 1840 என்று விற்றால் கேள்வி கேளுங்கள்.

விளிம்பையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். உடைந்த விளிம்பைச் சாணை பிடித்துக் குறைத்திருந்தால் ஓரம் தட்டையாகவும் கூராகவும் இருக்கும். விளிம்பை ஒட்டி ஓட வேண்டிய பொன் பட்டை காணாமல் போயிருக்கும், அல்லது எழுத்தின் தலை வெட்டுப்பட்டிருக்கும்.

ஆறாம் படி: எழுத்து

மம்லுக் விளக்குகளின் கழுத்தில் பெரும்பாலும் குர்ஆனின் 24:35 வசனம் வரும். மாடத்தில் விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள் என்று இறைவனின் ஒளிக்கு உவமை சொல்லும் வசனம் அது. வயிற்றில் சுல்தானின் அல்லது அமீரின் பெயரும் பட்டங்களும், இடையிடையே வட்டச் சின்னமும் இருக்கும். ப்ரோக்கார் போன்றவர்கள் இவற்றை எழுத்துக்கு எழுத்து படியெடுத்தார்கள். எனவே 14-ஆம் நூற்றாண்டுச் சுல்தானின் பெயர் இருப்பதால் பொருள் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகிவிடாது.

அரபு தெரியாத ஓவியர் படியெடுக்கும்போது சேர வேண்டிய எழுத்து பிரியும், பிரிய வேண்டியது சேரும், புள்ளிகள் இடம் மாறும், இரண்டு நெடுங்கோடுகளே திரும்பத் திரும்ப வேலி போல வரும், சில வேளை வரியே கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திரும்பிவிடும். அரபு படிக்கத் தெரியாவிட்டாலும் திரும்பத் திரும்ப வரும் கோட்டை எண்ணலாம். நம் ஊரில் மதரஸாவில் ஓதப் படித்த யாரிடம் காட்டினாலும் வசனமா வெறும் கோடா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வசனமாக இருந்தால் அதற்குரிய மரியாதையோடு உயரமான இடத்தில் வையுங்கள். பூச்சாடியாகவோ குப்பைக் கிண்ணமாகவோ பயன்படுத்தாதீர்கள்.

ஏழாம் படி: முத்திரை

ப்ரோக்கார் தன் பெயரை எனாமலால் ஒப்பமிட்டவை உண்டு. லோப்மையருக்குச் சிறிய பின்னல் எழுத்து முத்திரை. காலே தன் பெயரோடு நான்சி என்ற ஊரையும் சேர்ப்பார். க்ளூத்தாவின் அடியில் அமிலத்தால் அரித்த தாமரைச் சின்னமும் டிரெஸ்ஸரின் ‘சி. டி.’ எழுத்துகளும் இருக்கும். ஆனால் ஒப்பமே இல்லாத அசல்கள் ஏராளம். ஸ்டௌர்பிரிட்ஜ் எனாமல் வேலைகளில் பல அப்படித்தான்.

1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவு செய்த வடிவமைப்புகளுக்கு வைர வடிவக் குறி. உச்சியிலுள்ள வட்டத்தில் ரோமன் எண் III இருந்தால் கண்ணாடி. புதியவர்கள் தடுமாறுவது ஆண்டு எழுத்தில்: 1867 வரை அது வைரத்தின் மேல் மூலையில், 1868 முதல் வலது மூலையில். எழுத்துகள் இரு காலத்திலும் ஒன்றே. ‘எக்ஸ்’ (X) மேலே இருந்தால் 1842, வலப்பக்கம் இருந்தால் 1868. ‘பி’ (P) மேலே என்றால் 1851, வலப்பக்கம் என்றால் 1877. 1884 முதல் வெறும் தொடர் எண்: அவ்வாண்டு 1-இல் தொடங்கி, 1885 தொடக்கத்தில் 19754, 1890 தொடக்கத்தில் 141273. இந்தத் தேதி வடிவமைப்பு பதிவான நாளைச் சொல்லும். உங்கள் கையிலுள்ள துண்டு அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். பழைய பதிவேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன.

இணையத்தில் வாங்கும்போது

அடிப்பாகம் நேராக, விளிம்பு பக்கவாட்டு ஒளியில், காது ஒட்டிய இடம், அளவுகோலோடு எனாமல் நெருக்கப்படம், உள்ளே டார்ச் வைத்து எடுத்த படம் ஆகிய ஐந்தையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வாங்கும் முன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்பில் ஒரு மாலை செலவிடுங்கள். மம்லுக் மூலத்தையும் ப்ரோக்காரின் படைப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை, இலவசமும்கூட. அனுப்பச் சொல்லும்போது முதலில் அமிலமற்ற மெல்லிய தாள், அதன் மேல்தான் குமிழி உறை. பெட்டிக்குள் பெட்டி, இடையே நாற்புறமும் 5 சென்டிமீட்டர் பஞ்சு. குமிழி உறை பொன்னை நேரடியாகத் தொட்டால் வட்ட வட்டத் தடம் பதியலாம்.

கழுவுதலும் வைத்தலும்

எனாமலும் பொன்னும் உள்ள பொருளை ஊறப்போடாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். முதலில் மென்மையான தூரிகையால் தூசி. பிறகு பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் காரமில்லாத சோப்பு சில துளிகள், பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடைசியில் காய்ச்சி வடித்த நீர். தடித்த கண்ணாடி சூட்டு மாற்றத்தில் விரிசல் விடும், எனவே குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்தவுடன் வெந்நீரில் வைக்க வேண்டாம். அம்மோனியா கலந்த கண்ணாடித் துப்புரவுத் திரவமும் சமையல் சோடாவும் பொன்னைத் தின்னும். உட்புறச் சுண்ணாம்புக் கறைக்கு நீர்த்த வினிகர் போடலாம், ஆனால் உள்ளே வேலைப்பாடு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே. ஈய எனாமலை அமிலம் அரிக்கும்.

அலமாரியில் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து மாதம் ஒருமுறை காய வையுங்கள். கண்ணாடியின் மேல் பிசுபிசுப்பான ஈரத்துளிகள் தானாகவே அரும்பினால் கலவையிலுள்ள காரம் வெளியேறுகிறது என்று பொருள். துடைத்து மூடி வைக்காமல், பாதுகாப்பு நிபுணரிடம் காட்டுங்கள். பள்ளிவாசல் விளக்கைப் பழைய காதுகளில் சங்கிலி மாட்டித் தொங்கவிடாதீர்கள். தாங்கியில் நிறுத்தி, உள்ளே சூடேறாத சிறிய எல்.இ.டி. விளக்கு வைத்தால் போதும்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. ஐரோப்பாவில் செய்தது என்பதால் விலக்குக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டு பெட்டியில் வைத்து விமான நிலையம் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து நீங்களே கொண்டுவந்த பொருள் என்றால் விலைச்சீட்டையும் சுங்கத் தாள்களையும் பொருளின் படத்தோடு ஒரே கோப்பில் வைத்திருங்கள்.